பழைய மீட்டருக்குப் புதிய சென்சார்

டீசல் வண்டியில் எக்ஸாஸ்ட் வெப்பத்தைக் காட்டும் மீட்டரைத் தனியாக வாங்கிப் பொருத்தியிருக்கும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. பாரத்துடன் மலைப்பாதை ஏறும்போது புகையின் சூடு எல்லை மீறினால் பிஸ்டனும் டர்போவும் பாழாகும். அதை முன்கூட்டியே எச்சரிப்பதுதான் இந்த மீட்டரின் வேலை. நாளடைவில் சென்சார் தீய்ந்துபோய், "இந்த மாடல் இப்போது வருவதில்லை" என்று கடைக்காரர் கைவிரித்தால், மீட்டரையே தூக்கியெறிய வேண்டுமா? வேண்டியதில்லை. சென்சாருக்குள் இருப்பது என்னவென்று தெரிந்தால் போதும்.

அடிப்படை

இரு வேறு உலோகக் கம்பிகளை நுனியில் இணைத்துச் சூடாக்கினால் சிறு மின்னழுத்தம் உண்டாகும். இவ்விளைவை 1821இல் கண்டவர் ஜெர்மானிய அறிஞர் சீபெக். பிள்ளைகளின் இயற்பியல் பாடத்தில் வரும் வெப்ப மின்னிரட்டை இதுவே. எக்ஸாஸ்ட் மீட்டர்களில் பெரும்பாலும் இருப்பது 'கே' வகை. அதில் ஒரு கம்பி குரோமல், மற்றது அலுமல். ஒரு டிகிரி செல்சியசுக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் தரும். யார் தயாரித்தாலும் இந்த அளவு ஏறத்தாழ ஒன்றே. ஆகவே பார்க்க வேண்டியது கம்பெனியை அல்ல, வகையை. தொழிற்சாலை உலைகளுக்குக் கருவி விற்கும் கடைகளிலும் இது கிடைக்கும்.

வாங்குமுன் கவனிக்க

1. மீட்டரிலோ கையேட்டிலோ வகையைப் பாருங்கள். பழைய சென்சார் மல்டிமீட்டரில் சில ஓம் காட்டினால் பெரும்பாலும் வெப்ப மின்னிரட்டை. நூறு, இருநூறு ஓம் காட்டினால் வேறு வகை. அதற்குக் 'கே' பொருந்தாது.

2. மரையும் நீளமும் பழையபடியே இருக்கட்டும். நுனி குழாயின் நடுவே நிற்க வேண்டும்.

3. உள்கம்பி வெளியுறையைத் தொடுகிறதா, இல்லையா என்பதும் பழையதைப் போலவே இருக்க வேண்டும்.

4. பேட்டரி இணைப்பே இல்லாத முள் மீட்டரானால் கம்பியின் நீளத்தையும் தடிமனையும் மாற்றாதீர்கள்.

கம்பியில்தான் ஆபத்து

நீளம் போதாதென்று சாதாரணச் செம்புக் கம்பியை ஒட்டுப்போடுவது பலர் செய்யும் வேலை. எஞ்சின் அருகே ஒட்டு 80 டிகிரியிலும், மீட்டர் 35 டிகிரியிலும் இருப்பதாகக் கொள்வோம். மீட்டர் தன் 35 டிகிரியைத்தான் கணக்கில் கூட்டிக்கொள்ளும். ஒட்டின் 80 அதற்குத் தெரியாது. விளைவு, உண்மையைவிட 45 டிகிரி குறைவாகக் காட்டும். முள் நிதானமாக நிற்கும், பிஸ்டனோ வேகும். எனவே 'கே' வகை இணைப்புக் கம்பியையே வாங்குங்கள்.

நிறத்திலும் ஏமாறக்கூடாது. அமெரிக்க முறையில் மஞ்சள் பாசிட்டிவ், சிவப்பு நெகட்டிவ்! இன்றைய சர்வதேச முறையில் பச்சை பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். ஐயமிருந்தால் ஒரு காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டுவது அலுமல், அதுவே நெகட்டிவ்.

சோதனை

பொருத்துமுன் நுனியைக் கொதிநீரில் வைத்து, மறுமுனைகளை மல்டிமீட்டரில் சேருங்கள். அறை 25 டிகிரியானால் சுமார் 3.1 மில்லிவோல்ட் காட்டும். பெங்களூர் போன்ற உயரமான ஊர்களில் நீர் 97 டிகிரியளவிலேயே கொதிப்பதால் சற்றுக் குறையும்.

எஞ்சின் நன்றாக ஆறிய பின், பழைய துளையிலேயே பொருத்துங்கள். டர்போவுக்கு முன்னும் பின்னும் சூடு வேறுபடும். இடம் மாறினால் நீங்கள் பழகிய எல்லையும் மாறிவிடும். குறைத்துக் காட்டும் மீட்டரைவிட மீட்டரே இல்லாத வண்டி மேல். அதிலாவது ஓட்டுபவர் எச்சரிக்கையாக இருப்பார்.