பொருந்தாததைத் தேடுங்கள்

நான் நினைப்பது சரி என்பதற்கு எப்போதும் ஆதாரம் கிடைத்துவிடுகிறது. ஆனாலும் முடிவு தவறிப் போகிறதே, ஏன்?
– வாசகி, திருச்சி

ஆதாரத்தை ஒரே பக்கமாகத் தேடுகிறீர்கள், அதனால்தான். கவலை வேண்டாம், எல்லோருக்கும் உள்ள பழக்கம் இது. 1960-இல் உளவியலாளர் பீட்டர் வேசன் 2, 4, 6 என்ற எண்களைக் கொடுத்து, அவற்றின் விதியைக் கண்டுபிடிக்கச் சொன்னார். வேறு எண்களைச் சொன்னால், பொருந்துமா பொருந்தாதா என்று சொல்வார். பலர் ‘இரண்டிரண்டாகக் கூடுகிறது’ என்று எண்ணி 8, 10, 12 போன்றவற்றையே சொல்லிப் பார்த்தார்கள், பொருந்தியது. உண்மையான விதி, எண்கள் ஏறிக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான்! 1, 2, 9 என்று கேட்டிருந்தால், தாங்கள் எண்ணியது தவறு என்று உடனே புரிந்திருக்கும்.

அன்றாட வாழ்விலும் இப்படிப் பொருந்தாததைத் தேடுங்கள். தோழிக்கு உங்கள்மேல் கோபம் என்று தோன்றுகிறதா? அவள் சிரித்துப் பேசிய நாட்களையும் எண்ணிப் பாருங்கள்.