பைபர் படகில் பேட்டரி, விளக்கு, ஜி.பி.எஸ். மாட்டுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பழவேற்காடு முகத்துவாரத்தைத் தாண்டி இரவில் தொழிலுக்குப் போகும் பைபர் படகுகளில் இப்போது விளக்கோடு ஜி.பி.எஸ்., போன் சார்ஜர், சிலவற்றில் டிரான்ஸ்பாண்டரும் இருக்கின்றன. தெற்கே காட்டுப்பள்ளிக்கும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் பெரிய கப்பல்கள் வந்து போகும் கடல் இது. விளக்கு அணைந்த சிறு படகை இருட்டில் கப்பல்காரர் பார்ப்பது மிகக் கடினம். அதனால் வயரிங் வேலையில் சிக்கனம் பார்க்காதீர்கள். 12 வோல்ட் பேட்டரி ஒன்றை வைத்து முதன்முதலாக வேலை தொடங்குபவருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் உப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

மழைத்தண்ணீர் காய்ந்தால் போய்விடும். கடல்தண்ணீர் காய்ந்தாலும் உப்பு அங்கேயே தங்கி, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மறுபடி நனைகிறது. கரண்ட் நிற்கும் இணைப்பில் அந்த ஈரம் சேர்ந்தால் பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து பச்சை பூக்கும். நடுவயரில் கோளாறு வருவது அபூர்வம், இணைப்பில்தான் வரும். எனவே இணைப்புகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

படி 1: பேட்டரிக்கு இடம்

பேட்டரி கனமானது. தாழ்வாகவும் படகின் நடுப்பக்கமாகவும் இருக்க வேண்டும். ஆனால் அடியில் தேங்கும் தண்ணீர் அதைத் தொடவே கூடாது. முகத்துவாரத்து அலை முதலில் அணியத்தில்தான் அடிக்கும், அங்கே வைக்காதீர்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். கையால் ஆட்டிப் பார்த்தால் அசையக் கூடாது.

பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைப்பது ஆபத்து. சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பொறி பட்டால் வெடிக்கும். அது லேசான வாயு என்பதால் மேல்பக்கத்தில் துளை வேண்டும், அந்தத் துளை தண்ணீர் அடிக்காத பக்கம் பார்த்திருக்க வேண்டும். சாதா அமில பேட்டரிக்குள் கடல்தண்ணீர் புகுந்தால் நச்சான குளோரின் வாயு உண்டாகும். அப்படி நடந்தால் முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

படி 2: பியூஸ்

பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். பியூஸ் காப்பாற்றுவது விளக்கை அல்ல, வயரை. பியூஸுக்கு முன்னால் வயர் தேய்ந்து ஷார்ட் ஆனால் தடுக்க எதுவும் இல்லை, பைபர் படகு பற்றி எரியும். பியூஸ் போய்க்கொண்டே இருந்தால் காரணத்தைத் தேடுங்கள். அந்த இடத்தில் கம்பியைச் சுற்றிவிடும் வேலை வேண்டவே வேண்டாம்.

படி 3: வயரும் இணைப்பும்

5 ஆம்பியர் இழுக்கும் விளக்கு 5 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 10 மீட்டர் வயர். 1 சதுர மி.மீ. வயர் போட்டால் ஏறக்குறைய 0.9 வோல்ட் வழியிலேயே போய்விடும். 2.5 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.4 வோல்ட்டுக்குள் அடங்கும். பல இழை கொண்ட, வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் விலை பார்க்காமல் வாங்குங்கள்.

இரண்டு வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றும் பழக்கத்தைக் கடலில் விட்டுவிட வேண்டும். டேப்புக்குள் புகுந்த உப்புத்தண்ணீர் வெளியே வராது. வயர் முனையில் லக் (உலோக முனை) வைத்து, கிரிம்ப் செய்து (அழுத்தி இறுக்கி), உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள். சால்டரிங்கை மட்டும் நம்ப வேண்டாம், இன்ஜின் அதிர்வில் ஈயம் முடியும் இடத்தில் இழைகள் ஒடியும். பேட்டரி முனைகளை இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள்.

படி 4: மாட்டுவது

படகின் உடம்பில் கண்ட இடத்தில் துளை போடாதீர்கள். துளை வழியே தண்ணீர் இறங்கினால் உள்ளே இருக்கும் மரம் ஊறிக் கெடும். சமையலறையில் காய் நறுக்கும் தடித்த பிளாஸ்டிக் பலகை ஒன்றை முதலில் பொருத்தி, சுவிட்ச், பியூஸ் பெட்டிகளை அதன்மேல் மாட்டுங்கள். அது ஊறாது, துருப்பிடிக்காது. திருகாணி 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.

வயர் பெட்டிக்குள் கீழ்ப்பக்கமாக நுழைய வேண்டும். நுழையும் முன் வயரை ஒரு வளைவு தொங்க விடுங்கள். வயர் வழியே ஓடிவரும் தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். பெட்டி வாங்கும்போது ஐபி67 என்று இருக்கிறதா பாருங்கள்: 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் தரம் அது. துளை போட்டு, வயரைச் சுற்றித் தண்ணீர் புகாமல் இறுக்கும் கிளாண்ட் வைக்காமல் விட்டால் அந்தத் தரத்துக்கு அர்த்தமில்லை.



டிரான்ஸ்பாண்டர் இருந்தால்

இஸ்ரோ உருவாக்கிய தொழில்நுட்பத்தில் 1 லட்சம் மீன்பிடிப் படகுகளில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கியது. செல்போன் சிக்னல் இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி போகும், வரும். அதன் ஆன்டெனா வானத்தைப் பார்த்திருக்க வேண்டும், மேலே வலையோ தார்ப்பாயோ போடக் கூடாது. அதன் வயரிலிருந்து போன் சார்ஜருக்குக் கிளை எடுக்காதீர்கள். சார்ஜருக்குத் தனி பியூஸ், தனி வயர்.

படி 5: சோதனை

எல்லாவற்றையும் எரியவிட்டு மல்டிமீட்டரால் பேட்டரியில் ஒருமுறை, விளக்கு முனையில் ஒருமுறை வோல்ட் அளந்து எழுதிவையுங்கள். மாதம் ஒருமுறை மறுபடி அளந்து பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முதல் அளவைவிடக் கூடியிருந்தால் வழியில் ஓர் இணைப்பு உப்பு பிடித்துவிட்டது. அதை வெட்டி எறிந்துவிட்டுப் புது லக் போட்ட பிறகு படகை இறக்குங்கள்.