நாரியிலிருந்து காலுக்கு இறங்கும் நோ

"நாரியில் பிடித்த பிடிப்பு இப்போது காலால் இறங்குகிறது." "கால் விறைத்துவிட்டது, செருப்புக் கழன்றதும் தெரியவில்லை." இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களைச் சந்திக்கும் இடமெல்லாம் நாம் கேட்கும் பேச்சு இது. சொந்தக் காணியில் இறைப்பு இயந்திரத்தால் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சியவர், இன்று தூரத்துத் தாங்கியிலிருந்து கானில் தண்ணீர் சுமக்கிறார். தன் வசதிக்கேற்ற பிடி போட்ட மண்வெட்டியை ஊரில் விட்டுவிட்டு, கூலிக்கு அழைப்பவர் தரும் கட்டைப் பிடி மண்வெட்டியால் கொத்துகிறார். வேலை இல்லாத நாட்களில் 50 கிலோ மூடைகளை லொறியில் ஏற்றுகிறார். ஒருநாள் படுத்தால் அன்றைய அடுப்பு எரியாது. ஆகவே இந்நோயைப் பற்றிச் சற்று விரிவாகவே அறிந்துகொள்வோம்.

நம் உடலில் மிகத் தடித்த நரம்பு இடுப்பு நரம்பாகும். ஒரு விரல் பருமன் இருக்கும். முள்ளந்தண்டின் அடிப்பகுதியில் ஐந்து வேர்களாகப் புறப்பட்டு, பிட்டத்தின் ஆழத்தால் சென்று, தொடையின் பின்புறமாக இறங்கி, முழங்காலருகே பிரிந்து பாதம் வரை போகிறது. முள்ளந்தண்டு எலும்புகளுக்கிடையே மெத்தை போன்ற தட்டுகள் உள்ளன. ஒவ்வொரு தட்டின் நடுவிலும் நுங்கு போன்ற வழுவழுப்பான பொருள். அதைச் சுற்றிக் கயிறு திரித்தாற்போல நார் வளையங்கள். குனிந்து பாரம் தூக்கி, அதே வேகத்தில் உடலைத் திருப்பும்போது பின்பக்க நார் கிழிந்து உள்ளிருக்கும் பொருள் பிதுங்கி, நரம்பின் வேரை நெருக்கலாம். இதை 1934 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகர வைத்தியர்களான மிக்ஸ்டர், பார் ஆகிய இருவரும் தெளிவாக எடுத்துக்காட்டினார்கள். வயது போனவர்களில் எலும்பு வளர்ந்து வழி ஒடுங்குவதாலும் இது வரும்.

நோய் நாரியில் இருக்க, நோவு காலில் தெரிவதுதான் பலரைக் குழப்புகிறது. கீழிருந்து முதல் தட்டு நெருக்கினால் கெண்டைக்காலின் பின்புறமும் பாதத்தின் வெளிக்கரையும் சின்னவிரலும் விறைக்கும். நுனிக்காலில் நடப்பது கடினமாகும். அதற்கு மேலுள்ள தட்டானால் புறங்காலும் பெருவிரலும் விறைக்கும். குதிக்காலில் நடக்க முடியாமற் போகும். வீட்டு முற்றத்திலேயே நடந்து பார்க்கலாம். இருமும்போதும் தும்மும்போதும் காலில் மின்னல் போல் இழுத்தால் அதுவும் ஓர் அடையாளம்.

இந்நரம்பின் கதை பழையது. தொடக்கநூல் 32 ஆம் அதிகாரத்தில் யாக்கோபு ஓர் இரவு முழுவதும் போராடித் தொடைச் சந்தில் அடிபட்டு, விடியும்போது நொண்டி நடக்கிறார். அதன் நினைவாக யூத மக்கள் விலங்கிறைச்சியில் இந்த நரம்பை நீக்கிவிட்டே உண்கிறார்கள். யாக்கோபும் இருபது ஆண்டுகள் அந்நிய இடத்தில் உழைத்துவிட்டு, மனைவி மக்களோடும் மந்தையோடும் ஊர் திரும்பிக்கொண்டிருந்தவரே.

இனி, செய்யக்கூடியது என்ன? முதலில் ஒரு நல்ல செய்தி. பெரும்பாலானோருக்கு இந்நோவு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள், சத்திரசிகிச்சை இல்லாமலே தணிந்துவிடும். பிதுங்கிய பகுதியை உடலே மெல்ல மெல்லக் கரைத்துக்கொள்கிறது. விறைப்பு மட்டும் நோவுக்குப் பின்னும் சில காலம் நிற்கலாம்.

நாரி நொந்தால் அசையாமல் கிடக்க வேண்டும் என்பது முன்பு வைத்தியர்களே சொன்ன ஆலோசனை. அது இன்று கைவிடப்பட்டுவிட்டது. தாங்க முடியாத நோவென்றால் ஓரிரு நாட்கள் படுக்கலாம். அதற்கு மேல் படுத்தால் தசை தளர்ந்து, எழும்புவது இன்னும் கடினமாகும். படுக்கும்போது மல்லாந்து, முழங்கால்களின் கீழ் உடுப்பு மூட்டையொன்றை வையுங்கள். அல்லது கெண்டைக்கால்களைக் கதிரையின் மேல் போடுங்கள். மல்லாந்து கிடப்பவரின் தட்டில் உள்ள அழுத்தம், நிற்கும்போது உள்ளதில் ஏறத்தாழக் காற்பங்கே என்று சுவீடன் வைத்தியர் நாக்கெம்சன் 1960களில் அளந்து கண்டார். பாரத்தோடு குனியும்போதோ, அது நிற்பதைப் போல் இரு மடங்குக்கு மேல் ஏறுகிறது.

நியூசிலாந்தில் 1956 இல் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். மெக்கன்சி என்ற பிசியோதெரபி நிபுணரிடம் கால்நோவுடன் வந்த ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தப்பட்டிருந்த கட்டிலில், அதைச் சரிசெய்யாமலே குப்புறப் படுத்துவிட்டார். நாரி பின்னுக்கு வளைந்தபடி ஐந்து நிமிடம் கிடந்தவர், வாரக்கணக்காக இல்லாத சுகம் காலில் தெரிகிறது என்றாராம். அதிலிருந்து பிறந்த பயிற்சிக்குப் பாய் ஒன்றே போதும். குப்புறப் படுத்து இரண்டு மூன்று நிமிடம் இளைப்பாறி, பின் முழங்கைகளை ஊன்றி நெஞ்சை மட்டும் மெல்ல உயர்த்துங்கள். நோவு பாதத்தை விட்டுத் தொடைக்கும், தொடையை விட்டு நாரிக்கும் ஏறினால், நாரி சற்றுக் கூடவே நொந்தாலும் நல்ல அறிகுறி; தொடரலாம். மாறாக நோவு கீழே இறங்கினால் உடனே நிறுத்துங்கள். வழி ஒடுங்கிய முதியவர்களுக்கு இப்பயிற்சி பெரும்பாலும் ஒத்துவராது; முன்னுக்குச் சாய்ந்திருப்பதே அவர்களுக்குச் சுகம் தரும்.

நோவெண்ணெய் பூசுவதிலும் ஒத்தடத்திலும் தவறில்லை, தசை இளகும். ஆனால் விறைத்த தோலுக்குச் சூடு தெரியாது. ஒத்தடத் துணியை முதலில் உணர்ச்சியுள்ள கையில் வைத்துப் பாருங்கள். விறைத்த காலில் சூட்டுக் கொப்புளத்தோடு வருபவர்கள் உண்டு. நாரியில் ஏறி மிதிப்பிப்பதும் முறுக்கிச் சொடுக்கெடுப்பதும் வேண்டாம்.

டைக்குளோபினாக், இபுபுரோபன் போன்ற குளிசைகளைக் கடையில் வாங்கி நாட்கணக்காக விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் தாக்கும். வடமத்திய மாகாணத்திலும் வவுனியாவின் சில பகுதிகளிலும் கமக்காரரிடையே சிறுநீரக நோய் பரவியுள்ளதால், அங்குள்ளோர் இவற்றை வைத்தியரைக் கேளாமல் தொடவே கூடாது. காய்ச்சல் உள்ளபோதும் கூடாது. அது டெங்குவாக இருந்தால் ஆபத்து. பிட்டத்தில் பிழையான இடத்தில் போடும் ஊசி இதே நரம்பைக் காயப்படுத்தக்கூடும். ஆகவே தகுதியற்றவரிடம் ஊசி போடாதீர்கள்.

இனிச் சொல்வது வெட்கத்தால் மறைக்கப்படுவது. சைக்கிள் ஆசனத்தில் படும் இடம் விறைத்தால், சிறுநீர் போகாமல் நின்றால் அல்லது அறியாமல் போனால், மலம் அடக்க முடியாவிட்டால், இரு கால்களும் பலமிழந்தால், அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். தாமதித்தால் அந்தக் குறை நிரந்தரமாகலாம். பெண்கள் இதை ஆண் வைத்தியரிடம் சொல்லத் தயங்குகிறார்கள், தாதியிடமாவது சொல்லுங்கள். பாதம் தொங்கி இழுபட்டாலும், நோவோடு காய்ச்சலோ உடல் மெலிவோ இருந்தாலும் பிந்த வேண்டாம். முள்ளந்தண்டில் காசநோயும் வருவதுண்டு.

எல்லா விறைப்பும் நாரியிலிருந்து வருவதல்ல. இரு பாதங்களும் காலுறை போட்டாற்போல விறைத்தால் சீனி வருத்தத்தைச் சோதியுங்கள். தோலில் வெளிறிய அல்லது சிவந்த படை இருந்து, அதில் உணர்ச்சி இல்லையென்றால் தொழுநோயாகலாம். இலங்கையில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு அது புதிதாகக் கண்டறியப்படுகிறது. மருந்து இலவசம், முற்றாகக் குணமாகும்.

வேலைக்குத் திரும்பும்போது ஒரு பெரிய கானுக்குப் பதில் இரு சிறிய கான்களை, பாதி நிரப்பி, இரு கைகளிலும் சமமாகப் பிடியுங்கள். மூடையை இருவராகத் தூக்குங்கள். முழங்காலை மடித்து, பாரத்தை வயிற்றோடு அணைத்து, திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் பாதத்தை எடுத்து வையுங்கள். மண்வெட்டிக்கு நீண்ட பிடி போடுங்கள். விடியற்காலையில் எழுந்தவுடன் குனிந்து பாரம் தூக்காதீர்கள். இரவில் தட்டு நீர் உறிஞ்சிப் பருத்திருக்கும்.

எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கும்படி வைத்தியர் சொன்னால், உடலில் செல் துண்டோ வேறு உலோகமோ இருப்பதை, எத்தனை ஆண்டுகளுக்கு முன் பட்டதானாலும், அறைக்குள் போகுமுன் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். அந்த இயந்திரத்தின் காந்தம் அதை அசைக்கக்கூடும். கண்ணருகே உள்ள துண்டென்றால் பார்வையே போகலாம். பழைய வைத்தியத் துண்டு இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள்.