பொறுப்பைத் தன் கையில் எடுக்கும் தாதி

அன்புள்ள தங்கச்சிக்கு,

உயர்தரம் முடிந்ததும் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் போவதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். நர்ஸ் பிராக்டிஷனர் என்றால் யார் என்றும் கேட்டிருந்தாய். தாதியாக வேலை செய்து, மேலும் படித்து, நோயாளியைத் தானே சோதித்து, இன்ன நோய் என்று கணித்து, மருந்தும் எழுதும் தகுதி பெற்றவர் அவர். நம் இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் அப்படியொரு பதவி இன்னும் வரவில்லை. ஆனாலும் அந்தப் படிப்பு எப்படிப்பட்டது என்பதை நீ இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

1965இல் அமெரிக்காவின் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்ட் என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து இதைத் தொடங்கினார்கள். ஃபோர்ட் நாட்டுப்புறங்களில் பொதுச் சுகாதாரத் தாதியாக வேலை செய்தவர். டொக்டர் இல்லாத ஊரில் பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற கவலையில் பிறந்த பயிற்சி அது. தாதியர் கல்வியில் இருந்தவர்களே அதை எதிர்த்தார்கள். 2025 ஜனவரியில், 104 வயதில் ஃபோர்ட் காலமானபோது அந்தப் பயிற்சி பல நாடுகளுக்குப் பரவியிருந்தது. அக்கரப்பத்தனைப் பிள்ளையான உனக்கு அவருடைய கவலையை நான் விளக்க வேண்டியதில்லை. இராத்திரியில் மழையோடு ஒரு நோயாளியை நுவரெலியாவுக்குக் கொண்டுபோவது என்னவென்று உனக்குத் தெரியும்.

என்னோடு ஒரே வார்டில் நின்ற இருவர் பின்னாளில் பிரித்தானியாவில் இந்தப் படிப்பை முடித்தார்கள். எது கஷ்டம் என்று கேட்டேன். மருந்தியலைச் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். இருவரும் சொன்னது வேறு. வார்டில் எல்லோரும் யோசனை கேட்டு வரும் மூத்த தாதியாக இருந்துவிட்டு, மறுபடி ஒன்றும் தெரியாத மாணவியாய்க் கைகட்டி நின்றதுதான் அவர்களை வாட்டியிருக்கிறது. இரண்டு பேருமே முதல் வருடத்தில் விட்டுவிடலாமா என்று யோசித்தவர்கள். இது அவர்களுடைய பலவீனம் இல்லை. எவ்வளவு தேர்ந்த தாதியும் புதிய துறைக்குள் போனால் ஆரம்பநிலைக்கே திரும்பக்கூடும் என்று தாதியர் கல்வியாளர் பற்றிசியா பென்னர் 1984இலேயே எழுதியிருக்கிறார். அதை முன்கூட்டியே அறிந்தவள் சீக்கிரம் உடைந்துபோக மாட்டாள்.

இன்னொரு பாரமும் உண்டு. வார்டில் ஒரு மாற்றத்தைக் கண்டால் டொக்டரிடம் சொல்கிறோம். சொன்னதும் மனம் பாதி இலேசாகிவிடும். அந்தப் படிப்புக்குப் பிறகு முடிவு உன்னுடையது. பிரித்தானியாவில் அதற்கென்று பயிற்சி பெற்ற தாதியருக்கு 2006 முதல் ஏறக்குறைய எல்லா மருந்தையும் எழுதும் அதிகாரம் இருக்கிறது. எழுதியவள்தான் பதிலும் சொல்ல வேண்டும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். கொழுந்தெடுக்கும் ஐம்பது வயது அம்மா ஒருவர் வருகிறார். களைப்பு, குமட்டல், முதுகில் ஒரு வலி. "வாயுதான் மிஸி, ஒரு குளிசை தாங்க" என்கிறார். பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல், இப்படியும் வரும். சோகையாகவும் இருக்கலாம், வெறும் இரைப்பை அழற்சியாகவும் இருக்கலாம். மூன்றையும் மனதில் நிறுத்தி, எது ஆளைக் கொல்லக்கூடியதோ அதை முதலில் விலக்கப் பழக்குவதுதான் இந்தப் பயிற்சியின் உயிர். இங்கே நீ மற்றவர்களைவிட ஒரு படி முன்னால் நிற்பாய். எப்போது தொடங்கியது என்று அந்த அம்மாவிடம் கேட்டால் "இன்றைக்குத்தான்" என்பார். பேர் விழாமல் அன்றைய கூலி போய்விடும் என்று நேற்று முழுக்க வலியோடு மலையில் நின்றாரா என்று கேட்க, லயத்தில் வளர்ந்தவளுக்குத்தான் தோன்றும்.

இந்தியாவில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கென்று இரண்டு வருட நர்ஸ் பிராக்டிஷனர் முதுநிலைப் படிப்பு நடக்கிறது. அதன் பெரும்பகுதி நோயாளியின் கட்டிலருகேதான். ஆனால் படித்து வந்தவர்களுக்கு உரிய பதவியும் அதிகாரமும் கூடவே வர வேண்டும். அது இல்லாமல் பழைய வேலைக்கே திருப்பி அனுப்பினால் படித்த படிப்பு வீண். நம் நாட்டில் இதைத் தொடங்குகிறவர்கள் சட்டத்தையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். தோட்டப்புறத்திலிருந்து தொடங்கட்டும் என்பது என் ஆசை.

நீ முதலில் மூன்று வருட டிப்ளோமாவையோ நான்கு வருடப் பட்டத்தையோ முடி. பிறகு சில வருடம் வார்டில் நில். அவசரம் வேண்டாம். பயிற்சிக் காலத்திலேயே ஒரு கொப்பி வைத்துக்கொள். டொக்டர் நோயாளியைப் பார்க்கும் முன்பே என்ன நோயாக இருக்கும், ஏன் என்று இரண்டு வரி எழுது. பிறகு அவர் எழுதியதோடு ஒப்பிட்டுப் பார். மாறியிருந்தால் தயங்காமல் காரணம் கேள். நல்ல டொக்டர்கள் சொல்லித் தருவார்கள்.

வர்த்தமானி அறிவித்தல் வந்ததும் விண்ணப்பத்தை எனக்கு ஒருமுறை காட்டிவிட்டு அனுப்பு.

அன்புடன்,
அக்கா