காற்றுள்ளபோதே தூற்றலாம், கண்டபடி அள்ளலாமா?

கேள்வி: 'மேக் ஹே வைல் த சன் ஷைன்ஸ்' என்ற ஆங்கிலப் பழமொழிக்குக் 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்று வகுப்பில் சொல்லித் தருகிறேன். "நம்ம ஊர்ல வருஷம் முழுக்க வெயில்தானே டீச்சர், அப்புறம் எதுக்கு அவசரம்?" என்று ஒரு மாணவன் கேட்டான். லஞ்சம் வாங்குகிறவர்களைப் பற்றிப் பேசும்போதும் இதே பழமொழியைத்தான் எடுத்துவிடுகிறார்கள். இது நல்ல புத்திமதியா, கெட்ட புத்திமதியா? எந்த இடத்தில் பயன்படுத்துவது சரி?

- ஆங்கில ஆசிரியை, தூத்துக்குடி

பதில்: நல்ல புத்திமதிதான். பருவம் அறிந்து வேலை செய் என்பதே இதன் சாரம். கிடைத்தவரை சுருட்டு என்று இது சொல்லவில்லை.

முதலில் அந்த மாணவனுக்குப் பதில். 1546இல் ஜான் ஹேவுட் தொகுத்த ஆங்கிலப் பழமொழி நூலிலேயே இது இருக்கிறது. இங்கிலாந்தில் கோடையில் புல்லை அறுத்து, வெயிலில் உலர்த்தி, குளிர்காலத்தில் மாடு குதிரைகளுக்குப் போடச் சேர்த்து வைப்பார்கள். சேர்ந்தாற்போல் சில நாள் வெயில் கிடைப்பதே அங்கே அபூர்வம். இடையில் மழை பிடித்தால் புல் அழுகிவிடும். அந்தப் பரபரப்பு புரிய வேண்டுமானால் உங்கள் ஊர் உப்பளத்தைக் காட்டுங்கள்.

தை பிறந்ததும் பாத்திகளைச் செப்பனிட்டு, தரையை மிதித்து இறுக்குகிறார்கள். நிலத்தடி உப்புநீரை இறைத்துப் படிப்படியாகச் சுண்டவிட்டுப் பாத்திக்குள் பாய்ச்சுகிறார்கள். நீரின் அடர்த்தி பாமே கணக்கில் 25 டிகிரியைத் தொட்டால் உப்பு பூக்கத் தொடங்கும். 29ஐத் தாண்டவிட்டால் மெக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசப்பேறும். அதற்குள் அந்த நீரை வடித்துவிட வேண்டும். நீளக் கம்பு கட்டிய பலகையால் வாரிய உப்பை வரப்பில் குவித்து, ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடுகிறார்கள். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் வேலை நின்றுவிடும். ஆகவே வெயில் இருந்தால் மட்டும் போதாது. மழைக்கு முன்னால் எத்தனை நாள் மிச்சம் என்பதுதான் கணக்கு. 'உப்பு விற்கப் போனால் மழை, மாவு விற்கப் போனால் காற்று' என்ற புலம்பல் பருவம் தப்பியவரின் புலம்பல்.

இரண்டு பழமொழிகளும் ஒன்றா என்றால், பெரும்பாலும் ஒன்றுதான். சின்ன வேறுபாடு உண்டு. களத்தில் தூற்றுகிறவர் சுளகைத் தூக்கிக் காற்றின் உதவியால் பதரைப் பிரிக்கிறார். அங்கே துணை வருவது காற்று. புல் உலர்த்துகிறவரோ வரப்போகும் பஞ்சகாலத்துக்குச் சேர்த்து வைக்கிறார். ஆகவே சேமிப்பைப் பற்றிப் பேசும்போது ஆங்கிலப் பழமொழி கூடுதலாகப் பொருந்தும். 'ஸ்ட்ரைக் வைல் த அயர்ன் இஸ் ஹாட்' (இரும்பு சூடாக இருக்கும்போதே அடி) என்பதோடு இதைக் குழப்ப வேண்டாம். அது ஒரு நொடி வாய்ப்பு. இது சில நாளோ சில மாதமோ நீடிக்கும் நல்ல காலம். நாளை பரீட்சை என்று இன்றிரவு படிப்பவனுக்கு இரண்டுமே பொருந்தாது!

பத்திரிகை ஆங்கிலத்தில் 'மேக் ஹே' என்று சுருக்கியும் எழுதுகிறார்கள். பந்துவீச்சு தளர்ந்த நேரத்தில் ரன் குவித்தவருக்கும் அதுதான். தட்டுப்பாட்டு நேரத்தில் விலையேற்றிச் சம்பாதித்த வியாபாரிக்கும் அதுதான். லஞ்சப் பேச்சில் நம் பழமொழி நுழைந்ததும் இப்படித்தான்.

பருவம் அறிவது என்றால் என்ன என்பதற்கு உங்கள் கடலே சாட்சி. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு, கடல் அமைதியாகி நீர் தெளியும் பங்குனி, சித்திரை வாக்கில்தான் நடந்து வந்தது. அதுவும் எல்லா ஆண்டும் நடந்ததில்லை. முதலில் சிப்பிகள் வளரும் கடலடிப் பார்களைச் சோதிப்பார்கள். மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்தை மதிப்பிட்டு, கட்டுப்படியானால்தான் அறிவிப்பு வரும். இளம் சிப்பியை அள்ளினால் கடுகு முத்தே மிஞ்சும். நான்கைந்து வயதில் எடுக்காமல் விட்டால் சிப்பி கடலிலேயே செத்து முத்தும் போய்விடும். 1928க்குப் பிறகு அடுத்த குளிப்புக்கு 1955 வரை காத்திருந்தார்கள். 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்தது. அதற்குப் பின் அந்தப் பார்களில் குளிப்பே இல்லை. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் தூத்துக்குடிப் பக்கத்தில் வளர்ப்பு முத்தை உருவாக்கினார்கள். ஆனாலும் குளியாட்களின் அந்தப் பருவம் திரும்பவில்லை.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் குஞ்சு பொரிக்கும் காலத்தில் வலையைக் கரையில் வைப்பதும் பருவம் அறிந்த வேலையே.

இன்னொன்றையும் மாணவர்களிடம் மறக்காமல் சொல்லுங்கள். புல் யாருடையதோ அவரால்தான் சேர்த்து வைக்க முடியும். தினக்கூலிக்கு உப்பு வாரும் பெண்ணிடம் "வெயில் உள்ளபோதே சேர்த்து வை" என்று உபதேசிப்பது நியாயமில்லை. அவர் கூலி அன்றன்றைய அடுப்புக்கே சரியாகிவிடும். உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக அரசு 5,000 ரூபாய் தருவது அதனால்தான். அது சலுகையல்ல, அவர்களுக்குச் சேர வேண்டியது.

ஆகவே உழைப்புக்கும் சேமிப்புக்கும் முன்யோசனைக்கும் இந்தப் பழமொழியைத் தாராளமாகச் சொல்லுங்கள். பதவியில் இருக்கும்போதே சுருட்டுகிறவருக்கு இதைச் சொல்லாதீர்கள்; அதற்குத் திருட்டு என்ற சொல் இருக்கிறது. முடிந்தால் பிள்ளைகளை ஒருமுறை உப்பளத்துக்குக் கூட்டிப் போங்கள். ஐப்பசிக்கு முன்னால் போய்விடுங்கள். மழை தொடங்கிவிட்டால் அடுத்து தை வரை காத்திருக்க வேண்டும்.