குதிரை ஏறிய மக்கள் கலைஞர்

மாடு மேய்ப்பவனை அமெரிக்கர் ‘கௌபாய்’ என்பர். அகன்ற தொப்பியும் இடையில் துப்பாக்கியும் கொண்ட அவனை, 1950களில் தொலைக்காட்சித் தொடர்கள் அந்நாட்டில் வீடுதோறும் கொண்டு சேர்த்தன. கிளின்ட் ஈஸ்ட்வுட் அத்தகைய தொடர் ஒன்றில் மாடோட்டியாக நடித்துப் பெயர் பெற்ற பின்னரே, 1964இல் இத்தாலியப் படத்தின் நாயகரானார். சென்னைக்குத் தொலைக்காட்சி 1975இல்தான் வந்தது. ஆகவே தமிழ்க் கௌபாய் திரையரங்கிலேயே பிறந்தான். அவனுக்கு உருவம் தந்தவர் ஜெய்சங்கர்.

1938இல் பிறந்த சங்கர், மேடை நாடகங்களில் நடித்துப் பழகியவர். இயக்குநர் ஜோசப் தளியத் அவர் பெயரின் முன் ‘ஜெய்’ என்பதைச் சேர்த்து, 1965 பொங்கலன்று வெளியான ‘இரவும் பகலும்’ படத்தில் அறிமுகப்படுத்தினார். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் கோலோச்சிய காலம் அது. புதியவர் ஒருவர் நிலைப்பது எளிதன்று. ஜெய்சங்கரோ சிறு தயாரிப்பாளர்களின் நாயகராக இருந்து, ஓயாது நடித்தார். அவர் படங்கள் அடுத்தடுத்து வெளிவந்ததால் ‘வெள்ளிக்கிழமை நாயகன்’ என்றே அழைக்கப்பட்டார். துப்பறியும் படங்கள் அவருக்குத் ‘தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்’ என்னும் பட்டத்தை ஈட்டித் தந்தன.

ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்குநராகியபோது, அவருடைய ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ (இரண்டும் 1972) ஆகிய படங்களில் ஜெய்சங்கர் நடித்தார். குதிரைத் துரத்தலும் துப்பாக்கிச் சண்டையும் நிறைந்த படங்கள் இவை. இவற்றை வெறும் நகல் என்று ஒதுக்குவோர் உண்டு. தொப்பி அயலாருடையது, உண்மைதான். ஆனால் ஜக்கம்மா யார்? வீரபாண்டிய கட்டபொம்மன் வழிபட்ட தெய்வம் அல்லவா!

இன்னும் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். பகைவரின் ஆநிரையைக் கவர்வது வெட்சி; கவர்ந்ததை மீட்பது கரந்தை. நம் புறப்பொருள் இலக்கணம் போரை இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆநிரை மீட்டு மாண்டவர்க்கு எடுத்த நடுகற்கள் செங்கம் பகுதியில் இன்றும் நிற்கின்றன. மாட்டுக்காகப் போரிட்ட வீரன் நமக்குப் புதியவன் அல்லன். அவன் அணிந்து வந்த தொப்பியே புதிது. பெங்களூரிலிருந்து மைசூருச் சாலையில் ஏறத்தாழ 50 கி.மீ. சென்றால் ராமநகரப் பாறைகளைக் காணலாம். 1975இல் வெளியான ‘ஷோலே’ என்னும் இந்திப் படமும் இதே பாணியை அங்கே நிகழ்த்தியது.

1980இல் ‘முரட்டுக்காளை’யில் ரஜினிகாந்துக்கு எதிராக ஜெய்சங்கர் வில்லன் வேடம் ஏற்றார். நாயகராக நெடுநாள் விளங்கியவர் அதற்கு உடன்பட்டது சிறிய செய்தியன்று. 2000 ஜூன் 3இல் மறைந்தார். பத்தாண்டு கழித்துச் சிம்புதேவன் இயக்கிய ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ என்னும் கௌபாய் படத்தில் ஓர் ஊருக்கு ஜெய்சங்கர்புரம் என்று பெயர் சூட்டப்பட்டது.

சொற்பொருள்
ஆநிரை – பசுக்கூட்டம்
கோலோச்சுதல் – ஆட்சி செய்தல்
நடுகல் – போரில் இறந்த வீரன் நினைவாக நட்ட கல்

வினாக்கள்
1. ‘தமிழ்க் கௌபாய் திரையரங்கிலேயே பிறந்தான்’ – ஏன்?
2. வெட்சி, கரந்தை – வேறுபடுத்துக.
3. உம் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அவர் பார்த்த ஜெய்சங்கர் படம் பற்றிக் கேட்டு, அவர் சொன்னவாறே ஐந்து தொடர்களில் எழுதுக.