கையடக்கச் சூரிய மின்சாரம்: அளவும் செலவும் கணக்கிடும் முறை

2018 நவம்பரில் கஜா புயல் தாக்கியபின் காவிரிப் படுகையின் பல ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றித் தவித்தன. அத்தகைய நாள்களுக்கென ஒரு சிறிய சூரிய மின்னமைப்பை வாங்க விரும்பும் குடும்பம், விலை விசாரிக்குமுன் ஓர் இரவின் இன்றியமையாத் தேவையை எழுதிக்கொள்ள வேண்டும். 30 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறி 8 மணி நேரம் சுழல 240 வாட்-மணியும், 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் இரண்டு 5 மணி நேரம் எரிய 90 வாட்-மணியும், கைப்பேசிகளுக்கு 30 வாட்-மணியும் என 360 வாட்-மணி தேவைப்படும்; மின்கட்டண அட்டையில் காணும் ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி.

அடுத்தது பேட்டரி. அதன் நேர்மின்னோட்டத்தை 230 வோல்ட் மாறுமின்னோட்டமாக்கும் இன்வெர்ட்டரில் ஏறத்தாழ 15 விழுக்காடு வீணாவதால், பேட்டரியிலிருந்து எடுக்க வேண்டியது 424 வாட்-மணியாகிறது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 விழுக்காட்டை எடுக்கலாம் என்பதால் 12.8 வோல்ட், 50 ஆம்பியர்-மணி, அதாவது 640 வாட்-மணி போதும். ஈய-அமில பேட்டரியிலோ பாதிக்குமேல் எடுத்தால் ஆயுள் குறையுமாதலால் 12 வோல்ட், 80 ஆம்பியர்-மணி வேண்டும்.

விலையை ஒப்பிடும் இடத்தில்தான் பலர் ஏமாறுகின்றனர். ஒருமுறை ஏற்றி இறக்குவது ஒரு சுழற்சி. லித்தியம் வகைக்கு 2,000, சாதாரண ஈய-அமில வகைக்கு 500 சுழற்சிகள் எனக் கொண்டால், முன்னது ஆயுளில் ஏறத்தாழ 1,000 யூனிட்டும் பின்னது 240 யூனிட்டும் தரும். ஆகவே நாள்தோறும் பயன்படுத்தும் வீட்டில், லித்தியத்தின் விலை நான்கு மடங்கை எட்டாதவரை அதுவே மலிவு. ஆண்டுக்குச் சில நாள் மட்டும் பயன்படுத்துவோருக்கு இக்கணக்கு பொருந்தாது. சுழற்சிகள் தீருமுன் பேட்டரி முதுமையடைந்துவிடும்.

நாளொன்றுக்கு 5 மணி நேர முழு வெயில் எனக் கொண்டால் 424 வாட்-மணியை ஈட்ட 85 வாட் பேனல் வேண்டும். வெப்பம், தூசி, மேகம் ஆகியவற்றால் ஏற்படும் இழப்பையும் சேர்த்து 150 வாட் வாங்குவதே அறிவுடைமை. பேனலையும் பேட்டரியையும் இடைநின்று காக்கும் சார்ஜ் கன்ட்ரோலர் எம்.பி.பி.டி. வகையாயின், பேனலிலிருந்து பெறத்தக்க மிகுதியான திறனை ஈர்த்துத் தரும்.

இணைக்கும்போது கன்ட்ரோலருடன் முதலில் பேட்டரியையும் பின்னரே பேனலையும் பொருத்த வேண்டும். கழற்றும்போது பேனலே முதலில். 300 வாட் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில் 25 ஆம்பியருக்கு மேல் இழுக்குமாதலால், பேட்டரியின் நேர்முனையை ஒட்டி அதற்கேற்ற ஃபியூஸ் இன்றி எந்த இணைப்பையும் கொடுக்கலாகாது.